விடுபட்ட பிறப்புகளை எண்ணுவது எப்படி?

உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறப்போரின் எண்ணிக்கையே சிசு மரண விகிதம். பிறந்த மறுநாளே மடிந்த குழந்தையின் பிறப்பும் இறப்பும் பல சமயம் ஏட்டில் ஏறுவதில்லை. 1,000 பிறப்புகளும் 100 சிசு மரணங்களும் நேர்ந்த வட்டாரத்தில் இத்தகைய 30 குழந்தைகள் விடுபட்டால், விகிதம் 72 என்றே தெரியும். இதைச் சுகாதாரப் பணியின் வெற்றியெனப் பாராட்டவும் கூடும்!

இக்குறையை அளக்க சி. சந்திரசேகரனும் டெமிங்கும் 1949-இல் ஒரு வழி வகுத்தனர். வங்காளத்தின் சிங்கூர் சுகாதார நிலையப் பகுதியில் திரட்டிய விவரங்களைக் கொண்டு அதனை விளக்கினர். பதிவேடு ஒன்று, வீடு வீடாக எடுத்த கணக்கு மற்றொன்று. இரண்டிலும் உள்ளவை 80, பதிவேட்டில் மட்டும் 10, ஆய்வில் மட்டும் 16 எனக் கொள்வோம். 10-ஐ 16-ஆல் பெருக்கி 80-ஆல் வகுத்தால் வரும் 2, இரண்டிலும் விடுபட்டவை. ஆக மொத்தம் 108.

இரு கணக்குகளும் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் இது பொருந்தும். ஆய்வாளர் பதிவேட்டைப் பார்த்தே படிவத்தை நிரப்பினால் பொருத்தம் மிகும்; விடுபட்டவையே இல்லாததுபோல் தோன்றும். தாய்வீட்டுப் பிரசவம்போல இருவர் கண்ணுக்கும் ஒருசேரத் தப்புபவையும் உண்டு. அதனாலேயே மக்களை ஒத்த பிரிவுகளாகப் பகுத்துக் கணிக்குமாறு அவ்விருவரும் கூறினர்.

1969-70-இல் நாடெங்கும் முழுமை பெற்ற மாதிரிப் பதிவு முறையும் இரு கணக்குகளை ஒப்பிடுகிறது. ஆனால் சூத்திரத்தால் நிரப்புவதில்லை. பொருந்தாதவற்றைக் களத்திற்கே மீண்டும் சென்று சரிபார்க்கிறது. செலவு கூடுதல்தான். இருவருமே காணாத குழந்தை அப்போதும் கணக்கில் வருவதில்லை.