இழுவையில் அறுந்த ஒயர்: இளம் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கடிதம்



மல்லசமுத்திரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை போட்டிருக்கிறாய். வண்டிக்குப் பஞ்சம் வராது. மேற்கே சங்ககிரி லாரிகள், தென்மேற்கே திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள், தெற்கே நாமக்கல்லின் கேஸ் டேங்கர்களும் டிரெய்லர்களும். இவற்றில் உன்னை அதிகம் சோதிக்கப்போவது, வழியில் நின்றுபோய், வேறொரு வண்டியில் கட்டி இழுக்கப்பட்டு, அந்த இழுப்பில் ஏதோ பிசகி வந்து சேரும் வண்டிதான். சேற்றில் இறங்கிய ரிக்கை இழுத்த சங்கிலி, சேஸிஸ் ஓரமாகப் போகும் ஒயர் கட்டை நசுக்கியிருக்கும். டிரெய்லர் அளவுக்கு மீறி மடங்கித் திரும்பியதில் ஏழு பின் பிளக்கின் கேபிள் எட்டாமல் இழுபட்டிருக்கும். டிரைவர் சொல்வது ஒன்றே ஒன்று: “பின்னாடி லைட்டு எரியல, பார்த்து விடுங்க.” அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எரியாத விளக்குக்கு முன்னால் போய் உட்காராதே. வண்டி எங்கே இழுபட்டது என்று கேள், அங்கிருந்து தொடங்கு. முதலில் எர்த்தைப் பார்.

எர்த்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரேக், பார்க், இண்டிகேட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் வருகிறது. ஆனால் எல்லாமே திரும்பிப் போவது பெரும்பாலும் ஒரே எர்த் வழியாக. மற்ற ஒயர் அறுந்தால் ஒரு விளக்குதான் போகும். எர்த் பாதி அறுந்தால் எல்லா விளக்கும் குழம்பும், அந்தக் குழப்பத்தில் ஒரு ஒழுங்கும் இருக்கும். பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார். பிரேக் லைட் மங்கலாக எரிந்து, கூடவே நம்பர் பிளேட் விளக்கும் மினுக்கினால் பல்பில் கோளாறு இல்லை. இரட்டை இழை பல்பில் 21 வாட் இழைக்குள் வந்த கரண்ட், எர்த் கிடைக்காமல், 5 வாட் இழை வழியாகப் பார்க் லைட் லைனுக்குள் ஏறி, வேறு விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது. இதை அறியாதவர் பல்பை மாற்றுவார், ஹோல்டரை மாற்றுவார், பிளாஷரையும் மாற்றுவார். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

“மீட்டர் வைத்தேன், 24 வோல்ட் வருகிறது, ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது” என்று நீ மறுக்கலாம். இந்த இடத்தில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். இழுபட்ட ஒயரின் உள்ளே பல இழைகள் அறுந்து, இரண்டு மூன்று மட்டும் தொட்டுக்கொண்டிருக்கலாம். எர்த் போல்ட்டின் அடியில் துரு ஏறியிருக்கலாம். அந்த இடத்தில் 3 ஓம் தடை என்று வைத்துக்கொள். மீட்டர் எடுக்கும் கரண்ட் இல்லாததற்குச் சமம் என்பதால் அது முழு 24 வோல்ட்டையே காட்டும். 24 வோல்ட், 21 வாட் பல்பின் எரியும்போதைய தடை சுமார் 27 ஓம். அது தனியாக எரிந்தால் அதற்குக் கிடைப்பது 21.6 வோல்ட். பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறையும். அதே எர்த்தில் பிரேக், பார்க், இண்டிகேட்டர் மூன்றும் சேர்ந்து எரிந்தால் கிடைப்பது சுமார் 19 வோல்ட். வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். இத்தனையும் மீட்டரில் “சரி” என்று வந்த ஒயரில் நடக்கிறது. ஆகவே விளக்கை எரியவிட்டு அள. மீட்டரின் ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த்திலும், இன்னொன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. மீட்டரைவிட 21 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் பல நேரம் நம்பகமானது, அது கரண்ட்டை எடுத்துப் பார்க்கிறது.

பிளக்கின் பின் எண்களுக்கும் நினைவை நம்பாதே. ஐஎஸ்ஓ 1185 முறையிலான 24 வோல்ட் லாரி பிளக்கில் எர்த் 1-ஆம் பின், பிரேக் 4-ஆம் பின். கேரவன் போன்ற 12 வோல்ட் வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 1724-இல் எர்த் 3, பிரேக் 6. இழுத்து வந்தவர்கள் அவசரத்துக்கு 24 வோல்ட் வண்டியிலிருந்து 12 வோல்ட் வண்டிக்கு லைட் கொடுத்திருந்தால் பல்புகள் கருகியிருக்கும். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்.

இன்னொரு வாதம் வரும்: “இவ்வளவு தேடுவானேன்? முன்னாலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் எரியும், லோடு காத்திருக்கிறது.” எரியும், மறுக்கவில்லை. ஆனால் தோல் உரிந்த பழைய ஒயர் சேஸிஸ் மேல் அப்படியே கிடக்கிறது. அதற்குள் மழைத்தண்ணீர் ஏறும், செம்பில் பச்சை பிடிக்கும், ஒரு நாள் அது இரும்பைத் தொடும். புது ஒயருக்குப் பியூஸ் கொடுக்காமல் விட்டிருந்தாலோ, எரிந்த பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றியிருந்தாலோ, லாரி பேட்டரி தரும் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தடுக்க வழியில் எதுவும் இல்லை. 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் பியூஸைச் செருகினால், அது அறுவதற்கு முன் ஒயர் ஒன்பது மடங்கு சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். பியூஸ் காப்பது ஒயரை, பல்பை அல்ல. கேஸ் டேங்கர் ஓடும் ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நேரக் கணக்கிலும் இந்த வாதம் நிற்காது. எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மாட்டுவது, இரண்டு பல்பும் ஒரு ஹோல்டரும் மாற்றுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

புது வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, எல்இடி வந்துவிட்டது, இந்தப் பழைய வித்தை எதற்கு என்றும் கேட்பார்கள். ஸ்கேனர் எந்த விளக்கின் லைன் திறந்திருக்கிறது என்று சொல்லும். சேஸிஸில் எந்த இடத்தில் ஒயர் நசுங்கியிருக்கிறது என்று சொல்லாது. எல்இடி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது எடுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் கெட்ட எர்த்திலும் பளிச்சென்று எரிந்து கோளாறை மறைத்துவிடும். எனவே எல்இடி வண்டியிலும் பிளக்கில் இழை பல்பை மாட்டி ஒருமுறை சோதித்துவிடு.

ஒரு பின் விளக்குக்காக இவ்வளவா என்று உனக்கே தோன்றலாம். 2023 செப்டம்பர் 6 அதிகாலையில், சங்ககிரிப் பக்கம், நின்றிருந்த லாரியின் பின்னால் வேன் மோதி ஒரு வயதுக் குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தைத் தீர்மானிப்பது நம் வேலையில்லை. ஆனால் இருட்டில் நிற்கும் லாரியைப் பின்னால் வருபவனுக்குக் காட்ட ரிஃப்ளெக்டரையும் விளக்கையும் விட்டால் வேறென்ன இருக்கிறது? பாதி வெளிச்சத்தில் எரியும் விளக்கைச் “சரி” என்று அனுப்பினால், டிரைவரும் அதை நம்பித்தான் இரவில் வண்டியை ஓரம் கட்டுவான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், தம்பி. பில்லில் “லைட் வேலை” என்று மட்டும் எழுதாதே. ஒயர் எங்கே இழுபட்டிருந்தது, எந்த எர்த்தைத் தேய்த்தாய், எத்தனை ஆம்பியர் பியூஸ் போட்டாய் என்று எழுதிக் கொடு. நம் ரிக் வண்டிகள் பல மாநிலம் தாண்டிப் போய் மாதக் கணக்கில் ஓடுகின்றன. அங்கே அடுத்துத் திறக்கப்போகிற எலக்ட்ரீஷியனுக்கு அந்தச் சீட்டு வேண்டும்.