கார் ஏறும், ஆள் ஏற முடியாது!

கேள்வி: எண்ணூர், காட்டுப்பள்ளி என இரண்டு துறைமுகங்கள் பக்கத்திலேயே இருந்தும், அந்தமானுக்கோ இலங்கைக்கோ இங்கிருந்து கப்பல் ஏற முடியாதா?
- வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: முடியாது. இரண்டும் சரக்குக்காரர்கள். எண்ணூர் (இப்போது காமராஜர் துறைமுகம்) 2001-ல் திறக்கப்பட்டதே அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான். காட்டுப்பள்ளியில் கன்டெய்னர்தான் ராஜா. எண்ணூரில் ஏற்றுமதிக் கார்களை டிரைவர்கள் வரிசையாக ஓட்டிப்போய்க் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே நிறுத்திவிட்டு, கையை வீசிக்கொண்டு இறங்கி வருவார்கள். காருக்குக் கிடைக்கும் யோகம் நமக்கில்லை!

அந்தமான் என்றால் சென்னைத் துறைமுகம். மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போய் இறங்கினால் எதிரிலேயே துறைமுகம். கடலில் ஏறக்குறைய மூன்று நாள். வாந்தி மாத்திரை அவசியம். இலங்கைக்கு 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். இடையில் பலமுறை நின்றது. நாள் விசாரித்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.

உங்கள் பக்கத்துப் பழவேற்காட்டுக்கும் ஒரு காலம் இருந்தது. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டி, துணி ஏற்றினார்கள். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மூட்டைகள் படகில் போகும். இன்று அந்த ஏரியில் மீன்பிடிப் படகுகள்தான்.