அந்தமான் மாணவர்களுக்குச் சமையலறைப் பாடம்

சமையல் பாடத்தை அடுப்பில்லாமல் தொடங்குவது நல்லது. வெள்ளரி, வெங்காயம் நறுக்கி, தேங்காய் துருவிப் பழகட்டும். பலகைக்கடியில் ஈரத்துணி விரித்தால் அது நகராது. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். மழுங்கிய கத்திதான் அதிகம் வழுக்கும்; கூரான கத்தியே பாதுகாப்பு.

தீவுகளில் கூடுதல் கவனம் மீனுக்கு. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தாலே ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. புளியும் மிளகாயும் காப்பாற்றாது. முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு ஆகியவை அறிகுறிகள். வாங்கிய உடனே ஐஸில் வைப்பதே வழி. பச்சை மீன் வெட்டிய பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதில் காய் நறுக்கக் கூடாது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறக்க வேண்டும். மின்விசிறி உட்பட எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது. பிறகு வெளியே வந்து 1906 எண்ணை அழைக்கலாம். அந்தமான் நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி. குலுங்கும்போது கைக்கெட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு, கொதிக்கும் பாத்திரத்தை விட்டு விலக வேண்டும்.

சூடு பட்டால் அந்த இடத்தை 20 நிமிடம் ஓடும் குழாய்நீரில் காட்ட வேண்டும். பற்பசையும் மாவும் பூச வேண்டாம்.

வடித்த சோற்றை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் விடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப் பழக்கலாம்.