மைதானத்தில் இசை நிகழ்ச்சியா? காலுக்கு என்ன போடுவது?

மார்கழிக் கச்சேரியை சபாவில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர்களுக்குச் செருப்பு ஒரு பொருட்டே அல்ல. திறந்தவெளி நிகழ்ச்சி அப்படியில்லை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், தீவுத்திடல், கோவை கொடிசியா மைதானம் என்று எங்கே நடந்தாலும், வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே போனால் மூன்று நான்கு மணி நேரம் நின்றபடியே கேட்க வேண்டும். முடிந்ததும் அத்தனை பேரோடும் இருட்டில் திரும்ப வேண்டும். பொங்கல் நாட்களில் நடக்கும் சென்னை சங்கமத்துக்குப் போனாலும், பறையாட்டம், கரகம், ஒயிலாட்டம் என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பதில் கால் ஓய்ந்துவிடும். என்ன உடை என்று யோசிக்கும்போதே காலுக்கும் சேர்த்து யோசித்துவிட்டால் கடைசிப் பாட்டு வரை நிம்மதியாகக் கேட்கலாம்.

1. முதலில் இடத்தை விசாரியுங்கள். புல்தரையா, செம்மண்ணா, தார்போட்ட தளமா, கடற்கரை மணலா? உட்கார நாற்காலி உண்டா, நிற்கும் பகுதியா? வண்டி நிறுத்துமிடம் எவ்வளவு தூரம்? ஏற்கெனவே அங்கே போய் வந்தவர் ஒருவரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இது தெரியாமல் செருப்பைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

2. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்வார் கட்டாயம் வேண்டும். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். நெருக்கும் கூட்டத்தில் முதலில் காலைவிட்டுக் கழல்வது பின்வார் இல்லாத செருப்புதான். பின்னால் வருபவர் குதியை மிதிப்பார். செருப்பு அங்கேயே நின்றுவிடும், நாம் ஓரடி முன்னால் போயிருப்போம். உடனே குனிந்து எடுக்கத்தான் தோன்றும். ஆபத்து அந்தக் குனிவில்தான் இருக்கிறது. கூட்டம் தள்ளும்போது குனிந்தவர் மறுபடி நிமிர்வது கடினம். அவர் மேல் தடுக்கி அடுத்தவர் விழுவார். நெரிசல் விபத்து நடந்த இடங்களின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தரையெங்கும் செருப்புகளாகக் கிடக்கும். ஆகவே ஹவாய் செருப்பும், காலை நுழைத்துக்கொண்டு கிளம்பும் வகைகளும் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். குரோக்ஸ் போடுபவர்கள் அதன் பட்டையை மேலே மடித்து விடாமல் குதிகாலுக்குப் பின்னால் இறக்கிவிட்டுப் போடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கழன்றுவிட்டால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள். அதற்காகக் குனிய வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.

3. நிற்கும் பகுதிக்கு டிக்கெட் எடுத்திருந்தால் விரல்களை மூடும் காலணியே நல்லது. பிடித்த பாட்டு வந்ததும் முன்னால் நிற்பவர் குதிப்பார். அவர் இறங்கும் இடம் நம் விரலாக இருக்கக்கூடும். பழைய கேன்வாஸ் ஷூ, ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். உட்கார்ந்து கேட்கும் நிகழ்ச்சிக்குப் பின்வார் உள்ள ஃப்ளோட்டர்ஸ் தாராளம்.

4. புதுச் செருப்பு கடிக்கும். நிகழ்ச்சிக்கென்று வாங்குவதாக இருந்தால் பத்து நாட்களுக்கு முன்பே வாங்கி, தினமும் அரை மணி, ஒரு மணி நேரம் என்று வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். தோல் செருப்பின் வார் ஓரங்களில் விளக்கெண்ணெய் தடவி ஓரிரவு வைத்தால் தோல் இளகும். கிராமங்களில் காலங்காலமாகச் செய்வது இது. இன்றும் இதைவிட எளிய வழி இல்லை. ரெக்சின் செருப்பில் எண்ணெய் ஏறாது, வீணாகத் தடவ வேண்டாம்.

5. கடைக்கு மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்தும் நின்றும் கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நிகழ்ச்சி நடப்பதும் மாலையில்தான். காலையில் கச்சிதமாகப் பொருந்தும் ஷூ இரவில் இறுக்கும். இரண்டு காலிலும் போட்டு, நின்று, கடைக்குள் நாலு நடை நடந்து பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவையே வாங்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்தில் பாதியாவது இடம் இருக்கட்டும். நம் கடைகளில் 7, 8 என்று இருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. இணையத்தில் வாங்கும்போது அது அமெரிக்க அளவாக இருந்தால், ஆண்களுக்கு நம் 8 என்பது அங்கே 9. ஐரோப்பிய அளவில் ஏறத்தாழ 42.

6. பரணில் பெட்டியோடு வைத்த பழைய ஷூவை நம்பி அப்படியே கிளம்பாதீர்கள். பார்ப்பதற்குப் புதிதாகவே இருக்கும், மைதானத்தில் பத்து நிமிடம் நடந்ததும் அடிப்பாகம் பொலபொலவென்று உதிரும். ஷூவின் தரம் மட்டுமே இதற்குக் காரணமில்லை. பல ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு அது உள்ளுக்குள் சிதைந்துகொண்டே வரும். பயன்படுத்தாமல் மூடி வைத்திருந்தாலும் சிதையும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். அதனால் ஒரு வாரம் முன்பே எடுத்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ, வெடிப்போ, உதிர்ந்த தூளோ தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். ஓரம் மட்டும் விட்டிருந்தால் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றித் தையல் போட்டுக்கொள்ளுங்கள். பசையைவிடத் தையல் நிலைக்கும், ஈரத்தையும் தாங்கும்.

7. ஷூவைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அதுவும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் பாதத்துக்குத் தாங்கல் இல்லை என்று பொருள். இரண்டு மணி நேரம் நின்றாலே உள்ளங்கால் வலிக்கும். அடியில் வரிப்பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா என்றும் பாருங்கள். ஈரப் புல்லில் வழுக்குவது அதுதான்.

8. ஊசிக் குதிகால் வேண்டாம். மண்ணிலும் புல்லிலும் அது இறங்கும், கணுக்கால் பிசகும். உயரம் வேண்டும் என்பவர்கள் அடி முழுவதும் ஒரே பலகையாக உயர்ந்த செருப்பைப் போடலாம். புடவை கட்டுபவர்கள் அன்றைக்குப் போடப்போகும் காலணியைப் போட்டுக்கொண்டு கொசுவத்தின் உயரத்தை வையுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றால் கரை சேற்றில் புரளாது, கூட்டத்தில் யாரும் மிதித்து இழுக்கவும் மாட்டார்கள்.

9. மெட்டி போடுபவர்கள் மூடிய ஷூ வாங்கும்போது மெட்டியோடு போட்டுப் பாருங்கள். முன்பக்கம் குறுகலான ஷூ மெட்டியைப் பக்கத்து விரலில் அழுத்திப் புண்ணாக்கும். முன்பக்கம் அகலமானதாகத் தேடுங்கள். கொலுசு, பின்வாரில் மாட்டிக்கொண்டு அறுந்து விழும். அதை அன்றைக்குக் கழற்றி வைப்பது நல்லது.

10. காலுறை இல்லாமல் ஷூ போட வேண்டாம். முழுப் பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஈரத் துணி தோலை உரசிக் கொப்புளம் வரும். நெடுநேரம் நடப்பதற்கு நைலானோ பாலியெஸ்டரோ கலந்த, குதியில் சற்றுத் தடித்த விளையாட்டுக் காலுறையே மேல். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும்.

11. சின்னப் பை ஒன்றில் இவை போதும்: மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் டேப், இரண்டு ஊக்கு, பிளாஸ்டிக் கவர் இரண்டு, கொஞ்சம் பழைய செய்தித்தாள். குதியிலும் சுண்டுவிரலிலும் வழக்கமாகக் கடிக்கும் இடத்தில் வீட்டிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். எரிய ஆரம்பித்த பிறகு ஒட்டினால் பாதிப் பலன்தான். ரப்பர் செருப்பின் வார் ஓட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டால், மறுபடி நுழைத்து, அடியில் குமிழுக்கு மேலே வாரில் ஊக்கைக் குத்தி வையுங்கள். வீடு வரை தாங்கும். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காதீர்கள். தானாக உடைந்தால் மேல்தோலை உரிக்காமல் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள்.

12. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் வானம் வெளுத்திருந்தாலும் மைதானத்து மண் ஈரமாகவே இருக்கலாம். தோல் செருப்பைத் தவிருங்கள். தண்ணீர் பட்டாலும் உடனே வடியும், பின்வார் உள்ள ரப்பர் செருப்பு அல்லது ஃப்ளோட்டர்ஸ் சரி. காலில் வெட்டோ வெடிப்போ இருந்தால் தேங்கிய நீரில் இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலிலுள்ள காயம் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் போகும். அப்படி நடந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், தேங்கிய நீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

13. ஜெனரேட்டரிலிருந்து மேடைக்கும் விளக்குக்கும் போகும் கேபிள்கள் தரையில் கிடக்கும். எந்தச் செருப்பு போட்டிருந்தாலும் அவற்றை மிதிக்காமல் தாண்டுங்கள். ரப்பர்தானே என்ற தைரியம் வேண்டாம். நனைந்து தேய்ந்த செருப்பு மின்சாரத்தைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

14. கடற்கரையில் நடக்கும் கச்சேரிக்கு ஷூ சுமை. மணல் உள்ளே போய் உரசும். திறந்த செருப்பு போதும். ஆனால் கண்ணாடிச் சில்லுக்குப் பயந்தாவது வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

15. திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தலைகீழ். காவிரிக் கரைப் பந்தலில் தரையில் உட்கார்ந்து கேட்கும் விழா அது, செருப்பு வெளியே. குனியாமல் கழற்றக்கூடிய, விலை குறைந்த, பழைய செருப்பு போதும். துணிப்பை ஒன்று கொண்டுபோய் இரண்டையும் அதில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சரத்தின கிருதிகள் பாடும் நாளில் கூட்டம் மிகுதி; வெளியே விட்ட செருப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

16. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். நரம்பு பாதிக்கப்பட்ட காலில் ஆணி குத்தினாலும் தெரியாது, கொப்புளமும் தெரியாது. வீட்டுக்கு வந்து காலுறையில் ரத்தம் பார்த்துத்தான் தெரியும். அவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு ஏற்றது. அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் மென்மையான நுண்ணறை ரப்பர் அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், உணர்விழந்த தொழுநோயாளிகளின் கால்களைப் புண்ணிலிருந்து காக்க இந்த வகை ரப்பரைத்தான் பயன்படுத்தினார். பின்வார் வைத்ததாக வாங்குங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுக் கல், முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புண் என்றாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதில் சோம்பல் கூடவே கூடாது.

17. குழந்தைகளுக்கு லேஸ் வேண்டாம். அவிழ்ந்தால் குழந்தையையும் தடுக்கும், பிறரையும் தடுக்கும். ஒட்டும் பட்டை வைத்தது போதும். போன வருடத்து ஷூ இந்த வருடமும் சேர்கிறதா என்று போட்டுப் பார்த்தபின் கிளம்புங்கள்.

18. வெளியூர் இசை விழாக்களுக்குப் போகும் இளைஞர்கள் இப்போது அதிகம். அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் 2012-இல் தொடங்கிய இசை விழா, அபதானி மக்களின் நெல்வயல்கள் சூழ்ந்த இடத்தில் செப்டம்பரில் நடப்பது. மழை விட்டிருக்காது. முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் அங்கே ஆடம்பரமல்ல. இங்கிலாந்தில் படிக்கும், வேலை செய்யும் நம் பிள்ளைகள் கிளாஸ்டன்பரிக்குப் போவதுண்டு. 1970-இல் ஒரு பால் பண்ணையில் தொடங்கிய விழா அது, இன்றும் அதே பண்ணையில்தான். ஜூன் கடைசியில் மழை பெய்தால் நிலமெல்லாம் களிமண் சேறு. இரண்டு இடத்துக்கும் ஒரே யோசனைதான்: பூட்ஸின் விளிம்பைவிட உயரமான காலுறை போடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு கெண்டைக்காலை அறுக்கும். வெயில் அடித்தால் மாற்றிக்கொள்ள லேசான ஷூ ஒன்றும் வேண்டும். இரவில் கூடாரத்துக்குள் காலைக் காய விடுங்கள். நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிய தோல் வெளுத்து, மரத்து, புண்ணாகும்.

19. நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே குதிகாலைப் பத்துப் பதினைந்து முறை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலில் தேங்கும் ரத்தம் மேலேறும், வீக்கம் குறையும்.

20. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கால் மணி நேரம் தலையணை மேல் தூக்கி வையுங்கள். சேறான ஷூவை உடனே கழுவ வேண்டாம். காய்ந்தபின் தட்டினால் பாதி மண் தானே உதிரும், மீதியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கலாம். நனைந்த ஷூவின் உள் அட்டையை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தாள் நனைய நனைய மாற்றி, நிழலில் விசிறிக் காற்றில் வையுங்கள். அடுப்பருகே வைத்தால் பசை விடும்; கடும் வெயிலில் தோல் வெடிக்கும். நாற்றத்துக்குச் சமையல் சோடாவை உள்ளே தூவி ஓரிரவு விட்டு உதறினால் போதும். தோல் ஷூவுக்கு மட்டும் சோடா வேண்டாம், வறண்டுவிடும்.

21. நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துக் காலணி போட்டாலும், இருட்டில் கிடக்கும் பள்ளத்துக்கு அது விடையாகாது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை விளக்கு போடுங்கள். மழைக்காலத்தில் வாசலில் சரளையோ பலகையோ பரப்புங்கள். கேபிள்களை மூடி வையுங்கள். வயதானவர்கள் உட்கார நாலு வரிசை நாற்காலிகளாவது ஒதுக்குங்கள்.