வீட்டை வரைந்துகொண்டு கடைக்குப் போ

அன்பு மகளுக்கு,

மாடி கட்டி முடிந்ததும் அப்பா நெட்வொர்க் வேலையை உன் பொறுப்பில் விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ந்தேன். எந்த ரவுட்டர் வாங்கலாம், ஸ்விட்ச் தேவையா, ஃபயர்வால் தனியாக வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய். மாடல் பெயரைச் சொன்னால் ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். ஆனால் இரண்டு வருஷம் போனால் அந்த மாடல் கடையில் இருக்காது. தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லிவைத்தால் அது உன்னிடமே இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் கீழ்த்தளத்தையும் மாடியையும் வரை. ஃபைபர் ஒயர் எந்தச் சுவர் வழியாக நுழைகிறது, டிவி எங்கே, அப்பாவின் கணினி எங்கே, உன் மேசை எங்கே, வாசல் கேமராவும் கொல்லைக் கேமராவும் எங்கே என்று குறித்துக்கொள். ஓரிடத்தில் நிற்கும் பொருளுக்கு வட்டம் போடு. போன், லேப்டாப் போலக் கையோடு நடமாடுவதற்குப் புள்ளி வை. முடிந்தவரை வட்டங்களை ஒயரில் இணை. வைஃபையைப் புள்ளிகளுக்கு விட்டுவிடு. வைஃபை காற்று எல்லோருக்கும் பொது. ஒரு சானலில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒருவர்தான் பேச முடியும். டிவி ஒயருக்குப் போய்விட்டால் உன் போனுக்கு அந்த நேரம் மிச்சம். இந்தப் படம் கையில் இருந்தால் மூன்று கேள்விகளுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் ரவுட்டர். இணைய நிறுவனம் சுவரில் மாட்டிக் கொடுத்திருக்கும் பெட்டி, ஃபைபரில் ஒளியாக வருவதை மின்சாரக் குறிகளாக மாற்றுகிறது. பெரும்பாலும் அதற்குள்ளேயே ஒரு ரவுட்டரும் வைஃபையும் இருக்கும். ரவுட்டரின் வேலை, வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நின்று தகவல் பொட்டலங்களைச் சரியான முகவரிக்கு அனுப்புவது. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகத்துக்கு அது போதாது. அதனால் 192.168 என்று தொடங்குவது போன்ற சில எண் வரிசைகளை வீட்டுக்குள் மட்டும் புழங்கும் முகவரிகளாக 1990களில் ஒதுக்கி எழுதினார்கள். உன் போன், அப்பாவின் கணினி, டிவி எல்லாம் வெளியே போகும்போது ஒரே முகவரியில் போகின்றன. திரும்பி வரும் பதில் யாருக்கு உரியது என்று ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு பிரித்துக் கொடுக்கிறது.

இனி அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களைப் படிக்கக் கற்றுக்கொள். ஏஎக்ஸ்1800 என்று போட்டிருந்தால் 1800 எம்பிபிஎஸ் வரும் என்று நினைத்துவிடாதே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 574ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 1201ஐயும் கூட்டி, மேலே தூக்கிச் சொன்ன எண் அது. உன் போன் அந்த இரண்டில் ஒன்றில்தான் இணைந்திருக்கும். அந்த எண்ணும் காகிதத்தில் வரும் உச்சம். இதைவிட முக்கியமானது பின்பக்கத்துப் போர்ட்டுகள். ஏசி1200 என்று விற்கும் மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் ஒயர் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். உங்கள் பிளான் 200 என்றால் பாதி வேகம் வாசலிலேயே நின்றுவிடும். ஆன்டெனாவை எண்ணுவதை விட்டுவிட்டு, 'கிகாபிட் போர்ட்' என்று எழுதியிருக்கிறதா என்று பார். வைஃபை 6 இருந்தால் இன்றைக்கு நம் வீடுகளுக்குத் தாராளம். வைஃபை பாதுகாப்பு முறையில் 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பழைய போன்களுக்காக டபிள்யூபிஏ2வும் சேர்ந்து இயங்கட்டும்.

கடைக்காரர் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. இந்த ரவுட்டருக்கு எத்தனை வருஷம் மென்பொருள் அப்டேட் வரும்? 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களுக்குள்ளும் சேமிப்புப் பெட்டிகளுக்குள்ளும் புகுந்திருந்தது தெரியவந்தது. ரவுட்டரும் ஒரு கணினி. அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும், அடைக்கப்படும். அடைப்பவர் கைவிட்டுவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும். நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்குக் கடைசியாக எந்த மாதம் அப்டேட் வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடு.

வாங்கியதை எங்கே வைப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும். வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். உங்கள் வீட்டில் இரண்டு தளத்துக்கும் நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் இருக்கிறது. கீழே எவ்வளவு விலை உயர்ந்த ரவுட்டர் வைத்தாலும் மாடி அறையில் அது திணறத்தான் செய்யும். மாடிக்கு ஒரு லேன் கேபிள் ஏற்றி, அங்கே வைஃபையை மட்டும் பரப்பும் ஒரு சாதாரண அக்சஸ் பாயின்ட் வைத்துவிடு. பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதையே அக்சஸ் பாயின்ட் மோடில் மாற்றி வைக்கலாம், அதற்கு அப்டேட் இன்னும் வந்துகொண்டிருந்தால். நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் உன் ரவுட்டரை மாட்டும்போது, அந்தப் பெட்டி ரவுட்டர் வேலையை விட்டுவிடும்படி அதை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லிக் கேள். இல்லையென்றால் முகவரி மாற்றும் வேலையை இரண்டு பேர் செய்வார்கள். ஆன்லைன் விளையாட்டும் வெளியிலிருந்து கேமரா பார்ப்பதும் தடுமாறும்.

அடுத்தது ஸ்விட்ச். ரவுட்டரில் மூன்று, நான்கு போர்ட்தான் இருக்கும். உன் படத்தில் வட்டங்கள் அதைவிட அதிகமாக இருந்தால் ஸ்விட்ச் வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். கணக்கு அவ்வளவுதான். எந்த போர்ட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை அந்தக் கருவிக்கே உரிய மேக் முகவரியை வைத்து ஸ்விட்ச் தானே கற்றுக்கொள்கிறது. ஒருவருக்கு வந்ததை அவருக்கு மட்டும் கொடுக்கிறது. முன்பு இருந்த ஹப் எல்லோருக்கும் கூவிச் சொல்லும். எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச்சில் '16 ஜிபிபிஎஸ்' என்று போட்டிருந்தால், எட்டு போர்ட்டும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் முழு வேகத்தில் ஓட முடியும் என்று பொருள். எட்டை இரண்டால் பெருக்கிப் பார், புரியும். கேமராவுக்குக் கரண்டும் லேன் கேபிளிலேயே போக வேண்டுமென்றால் பிஓஇ ஸ்விட்ச் வாங்கு. 2003இல் வந்த தரப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும். ஆனால் எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று தனியாக எழுதியிருப்பார்கள். உன் கேமராக்களின் வாட்டைக் கூட்டி, அதற்குள் அடங்குகிறதா என்று பார்.

இங்கே என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பிளான் 300. மாடியில் 94க்கு மேல் ஏறவே இல்லை. ரவுட்டர்தான் காரணம் என்று நம்பி விலை கூடிய ஒன்றை வாங்கி மாட்டினேன். மறுபடியும் 94. கடைசியில் கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எட்டு இழைகளில் நீல இழை மட்டும் உள்ளே சரியாகப் போய்ச் சேரவில்லை. கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கே போதும் என்பதால், இணைப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கி நின்றுவிட்டது. முனையை வெட்டிப் புதிதாக க்ரிம்ப் செய்ததும் முழு வேகமும் வந்தது. அன்றிலிருந்து 94 என்ற எண்ணைக் கண்டால் முதலில் ஒயரைத்தான் தேடுகிறேன். நீயும் அப்படியே செய்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதே. சுவருக்குள் போனது பத்துப் பதினைந்து வருஷம் அங்கேயே இருக்கும். பெட்டிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கேட்6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்கு. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் பூசியதும் மலிவாகக் கிடைக்கிறது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். வளைத்தால் ஒடியும், பிஓஇ கரண்ட் போனால் அதிகம் சூடேறும். ஒரே நீட்டாக 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் வீட்டுக்குள் தூரம் ஒரு தடையே இல்லை. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்காமல் தனிப் பைப்பில் விடச் சொல்.

இனி ஃபயர்வால். ஒரு பக்கம் பற்றிய தீ மறுபக்கம் பரவாமல் கட்டிடத்தில் எழுப்பும் சுவரின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். உள்ளேயிருந்து நீ கேட்டதற்கு வரும் பதிலை விடுவது, யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது: வீட்டு ஃபயர்வாலின் அடிப்படை இதுதான். உன் ரவுட்டரிலேயே அது இருக்கிறது. இதற்கென்று இன்னொரு பெட்டி வாங்க வேண்டாம். இருப்பதைச் சரியாக வைத்துக்கொள்வதுதான் உன் வேலை.

2016இல் மிராய் என்ற தீநிரல் என்ன செய்தது என்று சொல்கிறேன். தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது போல ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தட்டிப் பார்த்தது. மாற்றாமல் விட்ட கருவிகள் லட்சக்கணக்கில் திறந்தன. அக்டோபர் 21ஆம் தேதி அவற்றின் படை டின் என்ற நிறுவனத்தின் பெயர்முகவரிச் சேவையின் மேல் பாய, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். தங்கள் வாசல் கேமரா இன்னொருவரைத் தாக்கப் போயிருந்தது அவர்களுக்குத் தெரியாது. நம் வீட்டுக் கதவைப் பூட்டுவது அடுத்த வீட்டுக்கும் காவல் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே முதல் நாளே ரவுட்டர், கேமரா இரண்டின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்று. யுபிஎன்பி என்ற வசதியை அணைத்துவிடு. கேட்காமலே உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடும் வசதி அது. கேமராவோ டிவியோ வைஃபையில் இணைந்திருந்தால் அதை கெஸ்ட் நெட்வொர்க்கில் போடு. ஒயரில் வரும் கேமராவைப் பிரிக்க வேண்டுமென்றால் சாதாரண ஸ்விட்ச் போதாது; ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாக (விலேன்) பிரிக்கத் தெரிந்த மேனேஜ்டு ஸ்விட்ச்சும், அதைப் புரிந்துகொள்ளும் ரவுட்டரும் வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதே. முகவரி மாற்றமே நம்மைக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஐபிவி6இல் முகவரிக்குப் பஞ்சமே இல்லை; உன் போனுக்கும் கேமராவுக்கும் உலகமறிந்த சொந்த முகவரி கிடைக்கும். அங்கே மறைப்பு இல்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று செட்டிங்கில் போய்ப் பார்த்துவிடு.

இதையெல்லாம் செய்து பழகிய பிறகு ஆசை வந்தால், இரண்டு லேன் போர்ட் உள்ள சின்னக் கணினியில் ஓபிஎன்சென்ஸ் அல்லது பிஎஃப்சென்ஸ் நிறுவிப் பார். இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். அது படிப்பதற்கான செலவு. வீட்டின் தேவையில் அதைச் சேர்க்காதே.

செலவின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நல்ல கேபிள். அடுத்து அப்டேட் வரும் ரவுட்டர். பிறகு மாடிக்கு அக்சஸ் பாயின்ட். வட்டங்கள் மிஞ்சினால் ஸ்விட்ச். கடைசியில் கரண்ட் போனாலும் தாங்கும் சின்ன யுபிஎஸ். அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்கு. நிறுவனத்தின் பெட்டி, ரவுட்டர் இரண்டும் அதில் ஓட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் முதலில் வரைந்த படத்தை எடுத்து, எந்த ஒயர் எந்தப் போர்ட்டில் என்று நிறத்தோடு குறித்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடு. பாஸ்வேர்டுகளை அப்பாவின் பீரோ நோட்டில் எழுதி வை. கல்லூரி திறந்ததும் நீ ஹாஸ்டலுக்குப் போய்விடுவாய். ஒருநாள் சாயங்காலம் இணைப்பு நின்றுபோனால், உன்னோடு வீடியோவில் பேசக் காத்திருக்கும் அப்பாயி அந்தப் படத்தைப் பார்த்து, எந்தப் பெட்டியை அணைத்துப் போட வேண்டும் என்று தானே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அளவுக்குத் தெளிவாக வரை.

அன்புடன்,
சித்தப்பா