சுழற்காற்றும் எச்சரிக்கையும்: அலபாமாவிலிருந்து ஒரு படிப்பினை

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

விதைத்த நாள் முதல் களத்துமேட்டில் நெல் சேரும் வரையில் விவசாயியின் கண் வானத்தின் மீதே இருக்கும். வானத்தினால் விளையும் கேட்டை முதலில் அனுபவிப்பவனும் அவனே. ஆகையால் இவ்விஷயத்தில் பிற தேசத்தார் பெரும் விலை கொடுத்துக் கற்றதை நாமும் அறிந்துகொள்வது நன்மை பயக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2011-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 25-ந் தேதி முதல் 28-ந் தேதி வரையில் சுமார் 360 சுழற்காற்றுகள் வீசின. அவற்றின் எச்சரிக்கை ஜனங்களை எவ்வாறு எட்டிற்று, எவ்விடத்தில் எட்டாது போயிற்று என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பாடம்.

சுழற்காற்று யாது?

கிராமங்களுக்குச் செல்லும்போது, "டார்னேடோ என்பதும் நம் கடற்கரையில் அடிக்கும் புயலும் ஒன்றுதானே?" என்று சிலர் வினவுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு. புயலானது கடலின் மேல் சில நாட்கள் வளர்ந்து, நூற்றுக்கணக்கான மைல் அகலம் பரவி வருவது. டார்னேடோ, பெரும் இடிமேகம் ஒன்றின் அடியிலிருந்து தரைவரையில் இறங்கிச் சுழலும் காற்றுத் தூண். அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு கஜமே. அதன் ஆயுளும் பெரும்பாலும் சில நிமிஷங்களே. எனினும் மிகக் கொடியவற்றில் காற்றின் வேகம் மணிக்கு 200 மைலுக்கு மேற்படும்.

மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்று வடக்கே பாய்கிறது. அதற்கு மேலே மேற்கிலிருந்து உலர்ந்த, குளிர்ந்த காற்று விரைகிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுபடுவதால், இடையிலுள்ள காற்று உருளையைப் போல் உருளத் தொடங்குகிறது. மேலெழும் வெப்பக்காற்று அவ்வுருளையை நிமிர்த்திவிட, இடிமேகம் முழுவதுமே சுழல்கிறது. இத்தகைய மேகமே கொடிய டார்னேடோக்களுக்குத் தாய்.

ஏப்ரல் 27-ந் தேதி நிகழ்ந்தது

ஒக்லஹோமா மாகாணம் நார்மன் நகரிலுள்ள புயல் முன்னறிவிப்பு நிலையத்தார் இந்த அபாயத்தைச் சில நாட்களுக்கு முன்னரே அறிவித்தனர். 27-ந் தேதியன்று அபாயப் படிகளில் மிக உயர்ந்ததையே கூறினர். அங்கு அறிவிப்பு இருவகைப்படும். டார்னேடோ உண்டாகக்கூடிய நிலைமை இருக்குமாயின், பரந்த பிரதேசத்துக்குச் சில மணி நேரம் முன்னதாகக் கொடுப்பது முதல் வகை. சுழற்சி ராடாரிலோ கண்ணுக்கோ தென்பட்டபின், அதன் பாதையிலுள்ள ஊர்களுக்கு மட்டும் கொடுப்பது இரண்டாவது வகை. முதலாவது கேட்டால் ஆயத்தமாக வேண்டும். இரண்டாவது கேட்டால் அக்கணமே ஒதுங்க வேண்டும்.

அன்று அதிகாலையிலேயே ஒரு புயல்வரிசை அலபாமா மாகாணத்தைக் கடந்தது. அது மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. பல்லாயிரம் வீடுகளில் மின்சாரம் நின்றது. வானிலை அறிவிக்கும் ரேடியோ நிலையங்கள் சிலவும் ஓய்ந்தன. பெரிய அபாயமோ பிற்பகலுக்குக் காத்திருந்தது. முதல் அடியானது, இரண்டாம் அடியைப் பற்றிய செய்தி வரும் வழியையே அறுத்துவிட்டது. இதுவே இவ்வரலாற்றில் நாம் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது.

மாலை 4-45 மணி சுமாருக்கு கிரீன் ஜில்லாவில் தரை தொட்ட சுழற்காற்று ஒன்று, 5 மணிக்குப் பின் டஸ்கலூசா நகரத்தின் ஊடே சென்றது. உயர்ந்த கோபுரங்களில் வைத்த காமிராக்களின் மூலம், அது நகரை நெருங்குவதை டெலிவிஷனில் ஜனங்கள் நேராகவே கண்டனர். அது பர்மிங்ஹாம் நகரத்தின் புறப்பகுதிகளையும் அழித்துச் சுமார் 80 மைல் ஓடிற்று. அதன் அகலம் ஓரிடத்தில் ஒன்றரை மைல் அளவு இருந்தது. 60-க்கு மேற்பட்டோர் அதில் மாண்டனர். அன்றே ஹாக்கில்பர்க், ஃபில் காம்ப்பெல் என்னும் சிற்றூர்களைத் தாக்கிய மற்றொன்று 70-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அந்நான்கு நாட்களிலும் இறந்தோர் தொகை 300-க்கு அதிகம். பண்ணைகளில் கோழிக் கொட்டகைகளும் வேலிகளும் பெருவாரியாகப் பாழாயின.

எச்சரித்தும் ஏன் இத்தனை உயிர் போயிற்று?

1925-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி மிஸ்ஸௌரி, இல்லினாய்ஸ், இண்டியானா மாகாணங்களில் ஒரே சுழற்காற்றில் 695 பேர் மாண்டனர். அக்காலத்தில் யாதொரு எச்சரிக்கையும் இல்லை. 2011-லோ சராசரி 20 நிமிஷத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. அது பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் மின்சாரமற்ற வீடுகளுக்குச் செய்தி எட்டவில்லை. கேட்டவர்களிலும் சிலர், கண்ணால் கண்டபின் ஒதுங்கலாம் என்று தாமதித்தனர். அஸ்திவாரத்தோடு பிணையாத இலேசான வீடுகளிலும் பலர் இருந்தனர். மிகக் கொடிய காற்றிலோ நல்ல வீடுகளும் நிற்கவில்லை.

அங்கு போதிக்கப்படும் விதிகள்

(1) செய்தி வரும் வழி ஒன்றாயிராமல் இரண்டு மூன்றாக இருக்கவேண்டும். அபாயச் சங்கு வெளியில் இருப்போருக்கானது; வீட்டினுள் உறங்குவோர் அதை நம்பியிருத்தல் கூடாது.

(2) நிலவறையில் ஒதுங்குக. அஃதில்லையேல் கீழ்த்தளத்தில், ஜன்னலற்ற நடு அறையில் தங்கித் தலையைக் காத்துக்கொள்க.

(3) இலேசான வீட்டிலும் வாகனத்திலும் தங்காமல், முன்னதாகவே உறுதியான கட்டடத்துக்குச் செல்க.

(4) அந்நேரத்தில் கால்நடையை அவிழ்க்க வெளியே ஓடாதிருக்க. அவ்வேலை முதல் அறிவிப்பு வந்தபோதே முடிந்திருக்க வேண்டும்.

(5) காற்று நின்றபின் அறுந்த மின்கம்பிகளை அணுகாதிருக்க.

நமக்கு என்ன?

நம் ஜில்லாக்களில் இத்தகைய கொடிய டார்னேடோ மிக அரிது. ஆனால் புயல் நமக்குப் புதிதன்று. மின்கம்பம் சாய்வதும் புதிதன்று. ஆகையால் ஒவ்வொரு கிராமத்திலும் பாட்டரியால் இயங்கும் ரேடியோ ஒன்றேனும் இருத்தல் நலம். கம்பியும் டெலிபோனும் ஓய்ந்தால் எந்தத் தெருவுக்கு யார் சென்று சொல்வது, தண்டோராப் போடுபவர் யார், தனித்திருக்கும் முதியோரையும் கர்ப்பிணிகளையும் அழைத்து வருவது யார் என்பதைக் கிராம அதிகாரிகளும் பெரிய விவசாயிகளும் கூடி, மழைக்காலத்துக்கு முன்னரே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். காற்றைத் தடுக்க நம்மால் இயலாது; செய்தி நின்றுபோகாமல் காப்பது நம்மால் இயலும். கடைசி வீட்டாரின் காதில் விழுந்தாலன்றி எச்சரிக்கை முற்றுப்பெற்றதாகாது.