இருபத்தாறு எழுத்துகளும் 27 என்னும் எண்ணும்



எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் வெற்றி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அவளுடைய வீட்டுக்கு அது பெரிய தொகை. ஒருநாள் மாலை வினாத்தாளும் கையுமாக வந்தாள்.

“மாமா, கணக்கெல்லாம் போட்டுவிடுகிறேன். இந்த ஆங்கில எழுத்துக் கேள்விகளில்தான் நேரம் போய்விடுகிறது” என்றாள்.

அவள் செய்வதைக் கவனித்தேன். ஒவ்வொரு வினாவுக்கும் ‘ஏ’யிலிருந்து தொடங்கி விரல்விட்டு எண்ணினாள். அத்தேர்வின் மனத்திறன் பகுதியில் 90 வினாக்கள். நேரமும் 90 நிமிடங்களே. ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்தான். விரல்விட்டு எண்ணினால் எப்படிப் போதும்? அன்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ‘பி’ என்றே வரும். நான்காவதும் இருபதாவதும் ‘டி’ என்றே வரும். ஆகவே, எழுத்தின் பக்கத்தில் அதன் இட எண்ணையும் குறித்துக்கொள்வோம்.

ஐந்து மைல்கற்கள்

நெடுஞ்சாலையில் செல்பவர் ஊரிலிருந்து வந்த தூரத்தை அடி அடியாக அளப்பதில்லை. அருகில் உள்ள மைல்கல்லைப் பார்க்கிறார். எழுத்து வரிசையிலும் ஐந்து மைல்கற்களை நட்டுக்கொள்ளுங்கள்: இ (5), ஜே (10), ஓ (15), டி (20), ஒய் (25). இவ்வைந்தையும் சேர்த்து ‘இஜோட்டி’ என்று ஒரே சொல்லாக நினைவில் வைக்கலாம். ஏ, பி என்னும் முதல் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டால், மற்ற எந்த எழுத்தும் ஏதேனும் ஒரு மைல்கல்லிலிருந்து இரண்டு அடிக்குள் இருக்கும். ‘ஆர்’ எத்தனையாவது? டி (20) தெரியும். அதற்கு முன் எஸ் (19). அதற்கு முன் ஆர் (18). முடிந்தது.

27 ஏன்?

அடுத்த வினா: “வலமிருந்து 9ஆவது எழுத்து எது?” பலர் 26இலிருந்து 9ஐக் கழித்து, 17ஆவது எழுத்து என்கிறார்கள். விடை தவறு. 27இலிருந்து கழிக்க வேண்டும். 27 − 9 = 18; அதாவது ‘ஆர்’.

இருப்பவை 26 எழுத்துகள். 27 எங்கிருந்து வந்தது? மனப்பாடம் செய்யாமல் காரணத்தைப் பாருங்கள். நியாயவிலைக் கடையில் 26 பேர் வரிசையில் நிற்பதாகக் கொள்வோம். முன்னாலிருந்து எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுகிறீர்கள். பின்னாலிருந்து எண்ணும்போதும் உங்களைச் சேர்த்துத்தான் எண்ணுகிறீர்கள். நீங்கள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டீர்கள்! எனவேதான் கூட்டுத்தொகை 26 + 1 = 27. நீங்கள் ஓரிடம் நகர்ந்தால் ஓர் எண் ஒன்று கூடும், மற்றது ஒன்று குறையும், கூட்டுத்தொகை மாறாது. இயற்பியலில் இத்தகையதை மாறிலி என்போம்.

இம்மாறிலி கையில் இருந்தால் ‘எதிர் எழுத்து’ வினாக்களும் எளிதாகும். ஏக்கு இசட், பி (2)க்கு ஒய் என்று மாற்றி எழுதும் முறை அது. மழையைக் குறிக்கும் ‘ரெயின்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம்: ஆர் (18), ஏ (1), ஐ (9), என் (14). ஒவ்வொன்றையும் 27இலிருந்து கழித்தால் 9, 26, 18, 13. அதாவது ஐ, இசட், ஆர், எம். பழங்கால எபிரேய எழுத்தர்கள் இதே முறையைக் கையாண்டனர். அதற்கு ‘அத்பாஷ்’ என்று பெயர். எபிரேயத்தில் 22 எழுத்துகள். அப்படியானால் அவர்களுடைய மாறிலி எவ்வளவு? ஆம், 23.

ஊசல் கற்பித்த பாடம்

இனி, மிகுதியானோர் இடறும் இடம்: “ஜி (7), எம் (13) இவற்றுக்கு இடையே எத்தனை எழுத்துகள்?” 13 − 7 = 6 என்பது விடையன்று. ஆறு என்பது தாண்ட வேண்டிய அடிகளின் எண்ணிக்கை. ஆறாவது அடி ‘எம்’மின் மேலேயே விழுகிறது. அதை நீக்கினால் இடையில் உள்ளவை ஐந்துதான்: எச், ஐ, ஜே, கே, எல்.

சிறு பிழைதானே என்று எண்ணாதீர்கள். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் இதைக் காண்கிறேன். தனி ஊசலின் 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். கடிகாரத்தை இயக்கும்போதே மாணவர் “ஒன்று” என்று எண்ணத் தொடங்குகிறார். “இருபது” என்றதும் நிறுத்துகிறார். நடந்தவை 19 அலைவுகளே! அலைவு நேரம் 2 விநாடி எனில், அவர் அளப்பது 38 விநாடி. 20ஆல் வகுத்தால் 1.9 வரும். அதைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால், 9.8 வர வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 10.9 வருகிறது. தொடக்கத்தில் “சுழி” என்று சொல்லியிருந்தால் போதும். எழுத்தை எண்ணும்போதும் அப்படியே: நிற்கும் இடம் சுழி; அடுத்ததுதான் ஒன்று.

‘வலமிருந்து 8ஆவது எழுத்துக்கு இடப்புறம் 7ஆவது எழுத்து’ என்பது போன்ற வினா அச்சுறுத்தும். படிப்படியாகச் செல்லுங்கள். 27 − 8 = 19. அங்கிருந்து இடப்புறம் ஏழு அடி: 19 − 7 = 12. விடை ‘எல்’.

வரிசை வட்டமாகும்போது

ரோமானியத் தலைவர் ஜூலியஸ் சீசர் தம் இரகசியக் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக மூன்று இடம் தள்ளியுள்ள எழுத்தை எழுதினார். ஆங்கிலத்தில் இவ்வாறு செய்தால் ஏ (1), டி (4) ஆகும். ஆனால் ஒய் (25) என்னவாகும்? 25 + 3 = 28. அப்படி ஓர் இடம் இல்லை. 26ஐக் கழியுங்கள், பி (2) கிடைக்கும். பத்து மணிக்கு ஐந்து மணி நேரம் கழித்து மணி பதினைந்து என்போமா? மூன்று என்றுதானே சொல்கிறோம்! வரிசை இங்கே கடிகாரம் போல வட்டமாகிவிட்டது.

1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் திரைப்படத்தில் வரும் கணிப்பொறியின் பெயர் எச், ஏ, எல். ஒவ்வொன்றுக்கும் அடுத்த எழுத்தை எழுதிப் பாருங்கள். ஐ, பி (2), எம் என்று வரும்! அது தற்செயல்தான் என்று கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் விளக்கினார்.

ஒரு சொல். இவ்வினாக்களுக்கு விரைந்து விடை தருபவரே அறிவாளி, மற்றவர் அல்லர் என்று கருத வேண்டாம். ஆங்கில எழுத்து வரிசை ஒருவருக்குப் பழகியிருக்கும், ஒருவருக்குப் பழகியிராது. பழக்கத்தால் வருவதைப் பழகிக்கொள்ளலாம். எங்கள் தெரு மாணவி ஒரு வாரத்தில் விரலை விட்டுவிட்டாள். ஆனால் அவள் கேட்ட கேள்வியே எனக்கு மகிழ்ச்சி தந்தது: “தனக்குத் தானே எதிரான எழுத்து ஒன்று உண்டா, மாமா?” அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

செய்து பாருங்கள்

1. வலமிருந்து 5ஆவது எழுத்து எது?
2. எஃப், எஸ் இவற்றுக்கு இடையே எத்தனை எழுத்துகள்? அவற்றுள் நடு எழுத்து உண்டா?
3. சூரியனைக் குறிக்கும் ‘சன்’ (எஸ், யு, என்) என்பதை எதிர் எழுத்துகளால் எழுதுக.
4. தமிழ் உயிரெழுத்துகள் 12. ‘ஐ’யின் எதிர் எழுத்து எது?
5. மாணவி கேட்ட கேள்விக்கு விடை என்ன?

விடைகள்

1. வி (22).
2. 12 எழுத்துகள், இரட்டைப்படை ஆதலால் நடு எழுத்து இல்லை.
3. எச், எஃப், எம்.
4. மாறிலி 13; 13 − 9 = 4; எனவே ‘ஈ’.
5. இல்லை. 27 ஒற்றைப்படை எண். அதன் பாதி 13½. அந்த இடத்தில் எழுத்து ஏதும் இல்லை.